ஓட்டுத்தையலில் நின்ற போர்வை

“...வேண்டாம்ணு சொன்னேன்லா டீச்சர். ஊசிய வச்சிருங்க. அவ நிறுத்துன இடத்துலயே அது நிக்கட்டு.”

அக்காவை அடக்கம் செய்த நாள் காலையில் அத்தான் இப்படிச் சொன்னதும், கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் தலை நிமிர்ந்து பார்த்தோம். அந்தப் போர்வையைத் தைத்து முடி, முடி என்று வருடக்கணக்காக அக்காவோடு மல்லுக்கு நின்றவரே அத்தான்தான். ஆலயத்துப் பெண்கள் சங்கத் தலைவி எஸ்தர் டீச்சரும் சங்கத்துப் பெண்களும், இன்றைக்காவது அதை முடித்து அக்காவின் மேல் போர்த்தி அனுப்புவோம் என்று ஊசியும் நூலுமாக வந்திருந்தார்கள். போர்வை தரையில் விரித்துக் கிடந்தது. பக்கத்து அறையில் அக்கா கிடந்தார்.

அக்கா கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். வாயால் சொல்லச் சொன்னால் பொழுது சாய்கிற வரைக்கும் சொல்லுவேன். எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் பேசுவது போலத்தான் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் அப்பாவுக்கு ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழில். அம்மா, வெட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமப்பார். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் எனக்கும் அக்காவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அக்கா ஏற்கெனவே பெரிய மனுஷிதான்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது மழைக்காலம் வந்தால் நெஞ்சுச்சளி பிடித்து மூச்சுக்குத் தவிப்பேனாம். எனக்காக அக்கா முதல்முதலாக ஒரு போர்வை செய்யப் புறப்பட்டார். ஆலயத்தில் பார்த்த ஒரு போர்வையை மனதில் வைத்துக்கொண்டு, மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் அப்பாவின் பழைய வேட்டி என்று மூன்றடுக்காக வைத்தார். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று சும்மா இருக்காது. இங்கே இழுத்தால் அங்கே நகரும், ஊசி ஏற்றுவதற்குள் பஞ்சு ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். கடைசித் தையல் போடும் வரைக்கும் அவற்றை எதைக் கொண்டாவது பிடித்து நிறுத்த வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த பசை ஒன்றுதான், ரப்பர் பால். மரத்தில் கட்டிய சிரட்டையில் வடிந்திருந்த பாலை எடுத்து அடுக்குக்கு அடுக்கு தடவி ஒட்டி, ரப்பர் ஷீட் காயப்போடும் கொடியிலேயே காயவும் போட்டுவிட்டார். காய்ந்த பிறகு அதில் ஊசி இறங்கவே இல்லை.

அம்மா விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம்: “இதுக்கு ஊசி ஆவாது பிள்ளே, ஆணிதான் அடிக்கணும்.”

அப்பா அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு லைன் வீடுகளைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்களாம். “மழை ஒரு துளி இறங்கல்ல. எனக்க மகளுக்க கம்பெனி குடை!”

கடைசியில் அது, ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரை வாசலில் கால் மிதிக்கக் கிடந்தது. அப்பா சிரித்த சிரிப்பு என்று அக்கா எனக்குச் சொன்னது இந்த ஒன்றைத்தான். அதற்கு அடுத்த மழைக்காலத்தில், விடியுமுன் வெட்டுக்குப் போன இடத்தில் அப்பாவை விரியன் கடித்தது. தோட்டத்து ஜீப்பு வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்காவின் படிப்பும் அதோடு முடிந்தது. அப்பாவின் வெட்டுக்கத்தியை அக்கா எடுத்துக்கொண்டார். காலையில் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் குலசேகரத்தில் ஒரு தையல்கடையில் காஜா எடுப்பதும் பித்தான் வைப்பதும். பால் பட்டுப் பட்டுத் தடித்த விரலில் ஊசி நிற்காது. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டு தைப்பார். கிழிந்துபோன ஒரு பழைய போர்வையை ஆலயத்தில் கேட்டு வாங்கி வந்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்துத்தான் ஓட்டுத்தையலைப் பிடித்தார். நூலை எட்ட எட்ட, விரல் நீளத்துக்கு ஒரு குத்தாகத் தளர்வாகப் போட்டுக்கொண்டே போவது அது. அடுக்குகளைப் பிடித்து வைக்க மட்டும்தான். கடைசித் தையல் நெருக்கமாக விழுந்த பிறகு இந்த நூலை உருவி எறிந்துவிட வேண்டும்.

அதிலும் அக்கா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து மேடு கட்டிவிடும். நடுவில் தொடங்கி நான்கு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். “சுருக்கத்த வாசலுக்குத் தொரத்தணும், அடுக்களைக்குத் தொரத்தக் கூடாது” என்பார்.

அம்மாவும் இருமலில் போன பிறகு, கருங்கல் ஊர்ச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்துகொண்டிருந்த அத்தானுக்கு அக்காவைக் கொடுத்தது எங்கள் மாமா. நானும் கூடவே அந்த வீட்டுக்குப் போனேன். என்னை வளர்த்து, கட்டிக்கொடுத்தது அந்த இரண்டு பேரும்தான். அத்தானுக்கு வாய் கொஞ்சம் கடுப்பு. ஆனால் சோற்றுத் தட்டின் முன்னால் என்னை ஒருநாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. இதை இந்த மலரில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அக்கா தரையில் அடித்துணியை விரித்தால் முதல் வேலை, அத்தானின் தராசுப் படிக்கற்களை எடுத்து நான்கு மூலையிலும் வைப்பது. துணி விறைப்பாக நின்றால்தான் ஓட்டுத்தையல் நேராக ஓடும். சந்தைக்குப் புறப்படும் அத்தான் தராசோடு நின்று சத்தம் போடுவார்.

“கல்ல எல்லாம் நீ வச்சிட்டா நான் அங்க எத வச்சு நிறுக்க? எனக்க தலையவா?”

“அது கனம் பத்தாது, இங்க வச்சா துணி நகரும்” என்பார் அக்கா, தலை நிமிராமல்.

மின்தராசு வந்த பிறகு அந்தக் கற்கள் அக்காவுக்கே சொந்தமாகிவிட்டன.

பெண்கள் சங்கத்தில் அக்கா சேர்ந்தபோது அங்கே ஊக்கு குத்தித்தான் அடுக்குகளைப் பிடித்து வைப்பார்கள். சீக்கிரம் முடியும் என்று அக்காவும் அப்படியே செய்தார். ஒரு வருடம் ஆலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கென்று குத்தி வைத்த போர்வை மழையில் நாள்கணக்காகக் கிடந்து, ஊக்கு துருப்பிடித்துத் துணியெல்லாம் பழுப்புப் புள்ளி. ஏலத்தில் தூக்கிக் காட்டியபோது கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “இது போர்வையா, புள்ளிமானா?” எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அதை ஏலத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, புள்ளி விழுந்த துண்டுகளைப் பிரித்து மாற்றி, அடுத்த பண்டிகைக்குக் கொடுத்தார். சிரித்தவரே அதை ஏலம் எடுத்தார். அக்கா அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “இது குட்டி போட்டா எனக்கு ஒண்ணு தாங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். மைதாப் பசையை ஒருதரம் பார்த்தார், எலி வந்து நடுவைத் தின்றது. அதன்பிறகு நூலை விட்டு வேறெதற்கும் அக்கா போகவில்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே பிள்ளை, அஜின். பல வருடம் காத்து, இரண்டு தடவை வயிற்றிலேயே இழந்த பிறகு வந்தவன். பாலிடெக்னிக் முடித்து வளைகுடாவில் ஒரு சாமான் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போனான். தரையில் குனிந்திருந்து தாயின் முதுகு போகிறதே என்று அங்கிருந்து பீச்சி அடிக்கிற ஒரு பசை டப்பா வாங்கி அனுப்பினான்.

“அம்மா, சும்மா அடிச்சா போதும், துணி ஒட்டிக்கும். இனி தறையில இருந்து முட்ட வலிக்க நூல் ஓட்டாண்டாம், கேட்டியா?”

“கேட்டேன் மக்கா. மணம்தான் மண்டைக்கு ஏறுது. உனக்க அப்பா நேத்து முழுக்க வாழைக்குலைக்கு மருந்தடிச்ச மாதிரி தலை சுத்தி நடந்தாரு.”

அவன் போனில் சிரித்தது இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தப் பசை ஒட்டிய போர்வையை வெயிலில் போட்டதும் அடுக்கு அடுக்காக விட்டுப்போனது. அதை அக்கா அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்துப் பெண்களின் பிள்ளைகளுக்குக் கல்யாணப் போர்வை. தாய் அடுக்குகளை வைத்து ஓட்டுத்தையல் போட்டு வைப்பார். கல்யாணம் உறுதியானதும் சங்கத்தார் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடிக் கடைசித் தையலைப் போடுவோம். அது முடிந்ததும், ஓட்டுநூலைத் தாய்தான் தன் கையால் உருவ வேண்டும். வேறு யாரும் உருவக் கூடாது.

அஜினுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அக்கா அவனுடைய போர்வையை எடுத்தார். அவனுடைய பள்ளிக்கூடச் சட்டை, பாடகர் குழுவில் போட்ட வெள்ளை, அத்தானின் கட்டம் போட்ட கைலி, எங்கள் அம்மாவின் ஒரு சேலை, எல்லாம் அதில் துண்டுகளாக இருந்தன. கடைசி வரிசை ஓட்டுத்தையலுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது சந்தையிலிருந்து அத்தான் வந்தார். சந்தை கலையாத நேரம். கையில் போன் இருந்தது. காற்றில் கப்பல் கவிழ்ந்ததாம். கூட இருந்தவர்கள் சிலரை எடுத்தார்களாம். அஜினை மட்டும் காணவில்லையாம்.

அக்கா கோத்த நூலைக் கீழே வைக்கவில்லை. அந்த வரிசையை ஓட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பிறகு ஏஜென்ட் வீடு, கலெக்டர் ஆபீஸ், திருவனந்தபுரம் என்று அத்தானும் அக்காவும் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் சொன்ன சொல் ஒன்றுதான்: காணவில்லை. இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

அத்தான் கடற்கரைக்குப் போய், கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் எல்லாம், உடல் கிடைக்காதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று விசாரித்தார். திரும்பி வந்த நாளில் ஆலயத்துப் போதகர் ஐயரைக் கூட்டி வந்தார். பிள்ளைக்கு ஒரு நினைவு ஜெபம் வைத்து, கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயர்க்கல்லும் வைப்போம் என்று பேச்சு. அக்கா காப்பி கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். ஐயர் போனதும் அத்தான் அக்காவைக் கூப்பிட்டு, போர்வை மடித்து வைத்திருந்த அலமாரியைக் காட்டினார்.

“எத்தன நாளு அத இப்பிடி மடக்கி வச்சிருப்ப? சங்கத்துப் பெண்ணுவள வரச்சொல்லி முடிச்சிரு. ஏழப்பட்ட ஆருக்காவது உதவும்.”

“கல்யாணம் உறுதி ஆவாத பிள்ளைக்க போர்வைய ஆராவது முடிப்பாவளா?”

“எட்டி, நீ என்னத்த பேசுக?”

“நான் தையலப் பத்திப் பேசுதேன்.”

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வீட்டில் இந்தப் பேச்சு வருடா வருடம் இப்படித்தான் தொடங்கி இப்படித்தான் முடிந்தது. முடித்தால் பிள்ளை வரமாட்டான் என்று தாய் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். முடிக்காவிட்டால் தகப்பனுக்கு அழுவதற்கு ஓர் இடம் இல்லை. நடுவில் நான் யார் பக்கம் பேசுவது?

ஆனால் ஓட்டுத்தையல் வருடக்கணக்காகத் தாங்குவதற்குப் போடுகிற தையல் இல்லை. மடிப்பில் நூல் இற்றுப்போகும். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் அக்கா போர்வையை வெயிலில் போட்டு, படிக்கற்களை மூலையில் வைத்து, அறுந்த நூலை எடுத்துவிட்டுப் புது நூல் ஓட்டுவார். நடுவிலிருந்து ஓரத்துக்கு. அத்தான் அந்த நேரத்தில் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் விரித்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒருதரம் கூட உதவியதில்லை. ஒருதரம் கூட எழுந்து போனதும் இல்லை.

தன் வீட்டில் துக்கம் முடியாமல் இருந்தவர், அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாக நிற்பார். பிள்ளையை இழந்த எந்தத் தாயிடமும் “கர்த்தருடைய சித்தம்” என்று அக்கா சொன்னதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “கஞ்சி குடிச்சியா?” என்று மட்டும் கேட்பார். பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழைகளுக்கென்று அக்கா தைத்துக் கொடுத்த போர்வைகள் நிறைய. அவை எல்லாம் சீக்கிரமாக, சுத்தமாக முடிந்து போய்ச் சேர்ந்தன. முடியாமல் நின்றது அந்த ஒன்றுதான்.

அக்காவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது, பசி போனது, பிறகு தானாக எழுந்து உட்காரும் பெலனும் போனது. வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குவார். அதைப் பார்த்துத்தான் நாங்கள் மாத்திரை கொடுப்போம். கடைசி மழைக்காலம் விடவே இல்லை. படுத்த படுக்கையிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “வெயில் வந்தா ஒருக்கா அத எடுத்து விரிச்சுப் போடு மக்கா” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் வரவில்லை. ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருக்க, அத்தானின் கை நெற்றியில் இருக்க, அக்கா மூச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்த நாள்களில் எங்களைத் தாங்கியவர்களை மறந்தால் எங்களுக்கு மன்னிப்பு இல்லை. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்த வடக்கு வீட்டு சுயம்பு அண்ணன், அக்காவுக்கு இறங்கும்படி கஞ்சியை வடிகட்டித் தினமும் கொண்டு வந்த அவர் மனைவி, வீட்டுக்கே வந்து புண் துடைத்து ஊசி போட்ட நர்ஸ் பிள்ளை, பெட்டியைத் தோளில் எடுத்த சந்தை வியாபாரிகள், பாடி ஜெபித்த ஐயர், சபையார், மழையில் நனைந்து நின்ற சொந்தக்காரர்கள் என்று நீங்கள் யாவரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தீர்கள். உங்கள் வீட்டுக் காரியம் ஒன்றுக்கும் நாங்கள் பிந்த மாட்டோம்.

சங்கத்துப் பெண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் அந்தக் காலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அலமாரியிலிருந்து போர்வையை எடுத்துத் தரையில் விரித்தோம். அக்கா கை வைக்காத ஒரு மழைக்காலம் போதுமாக இருந்திருக்கிறது. நடுப்பகுதியில் நூல் எல்லாம் இற்று அறுந்து, அடுக்கு விட்டு, பஞ்சு ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது.

எஸ்தர் டீச்சர் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இனி இது நிக்காது அண்ணாச்சி. இப்பமே தைச்சு முடிக்கணும், இல்லண்ணா எல்லாம் கையில வந்துரும். முடிச்சு அவளுக்கே போத்திவிடுவோம். நூல மட்டும் ஆரு உருவுகதுண்ணுதான்...”

“லில்லி உருவட்டு, கூடப்பிறந்தவ இல்லியா?” என்று என்னைக் காட்டினார் இன்னொருவர்.

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் அவர் கேட்டது இதைத்தானே. அத்தான் போர்வையின் ஓரத்துக்கு வந்து பார்த்தார். பாடகர் குழுவின் அந்த வெள்ளைத் துண்டின்மேல் பார்வை நின்றது. டீச்சர் ஊசியில் நூலைக் கோத்துக் குனிந்தார். அப்போதுதான் அத்தான் வேண்டாம் என்றார். டீச்சர் கேட்காதது போல இருந்ததால் மறுபடியும் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் தொடக்கத்தில் எழுதினேன்.

டீச்சர் ஊசியை வைத்துவிட்டார். பக்கத்து அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் கூடத்துக் கட்டிலின் அடியில் கையை விட்டுப் படிக்கற்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். போர்வையின் நான்கு மூலையிலும் வைத்தார். சுருண்ட பஞ்சை உள்ளங்கையால் நீவி நீவிப் பரத்தினார். டீச்சர் வைத்த ஊசியை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடக்கித் தரையில் முட்டி ஊன்றி, நடுவிலிருந்து ஓட்டுநூலை ஓட்டத் தொடங்கினார்.